வாளும் சிலுவையும்

சமயத்தின் பெயரால் நிகழ்ந்த கொடுமைகளை வரலாறு மிகுதியாகப் பதிவு செய்துள்ளது. அவற்றை அச்சமயத்தின் மறைநூல் கொண்டே எதிர்த்தோர் சிலரே. அவருள் தலையாயவர் பார்த்தலொமே தெ லாஸ் காசாஸ்.

1484இல் ஸ்பெயினின் செவில் நகரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1502இல் கரீபியக் கடலின் எஸ்பஞோலாத் தீவை அடைந்தார். அங்கு ‘என்கொமியெந்தா’ என்னும் முறை நிலவியது. மண்ணின் மக்களுக்குக் கிறித்தவம் கற்பிக்கும் கடமையும் அவர்தம் உழைப்பைப் பெறும் உரிமையும் குடியேறியோர்க்கு வழங்கப்பட்டன. கடமை ஏட்டளவில் நின்றது, உரிமை அடிமைத்தனமாயிற்று. 1511இல் மோந்தெசீனோஸ் என்னும் தொமினிக்கன் துறவி தம் மறையுரையில் இதனைக் கடிந்துரைத்தார். குருப்பட்டம் பெற்றிருந்த லாஸ் காசாஸ் அப்போது மனம் மாறவில்லை. துறவி ஒருவர் அவருக்குப் பாவமன்னிப்பு வழங்க மறுத்தும் தம் ஆட்களை விட்டாரில்லை.

1513இல் கியூபாவை வென்ற படையுடன் குருவாகச் சென்றார். கவோனாவோ என்னும் ஊரில், உணவளித்து வரவேற்ற மக்களே வாளுக்கு இரையாயினர். அதனை நேரிற் கண்டவரும் கியூபாவில் நிலமும் ஆட்களும் பெற்றார். 1514இல் பெந்தெகொஸ்து மறையுரைக்கு ஆயத்தம் செய்கையில், சீராக்கின் ஞானநூற்பகுதி ஒன்று அவரைத் தடுத்து நிறுத்தியது. எளியோரிடம் பறித்த பொருளை இறைவன் காணிக்கையாக ஏலான் என்பதே அதன் கருத்து. தாம் பெற்ற ஆட்களை அவர் துறந்தார்.

எஞ்சிய அரை நூற்றாண்டும் போராட்டமே. 1542இல் பிறந்த புதிய சட்டங்களுக்கு அவர்தம் முயற்சி பெருந்துணையாயிற்று. குடியேறியோரின் கிளர்ச்சியால் 1545இல் அவற்றின் முதன்மையான விதி நீக்கப்பட்டது. சியாப்பா மறைமாவட்ட ஆயராகிய அவர், அடிமைகளை விடுவிக்காதோர்க்குப் பாவமன்னிப்பு மறுக்க ஆணையிட்டார். முன்பு தம்மைத் தைத்த முள்ளையே கருவியாக்கினார். 1550, 1551ஆம் ஆண்டுகளில் வல்யதோலித் நகரில் செப்பூல்வெதாவுடன் வாதிட்டார். போரால் அடக்கிய பின்னரே நற்செய்தி பரப்பலாம் என்றார் செப்பூல்வெதா. அன்பால் இணங்கச் செய்வதன்றி வேறு வழி கிறித்துவுக்கு உரியதன்று என்பது லாஸ் காசாஸின் நிலை. நடுவர் குழு முடிவேதும் அறிவிக்கவில்லை.

அவர் வாழ்வில் நீங்காக் கறை ஒன்றுண்டு. அமெரிக்க மண்ணின் மக்களைக் காக்க, ஆப்பிரிக்க அடிமைகளைக் கொணரலாம் என 1516இல் பரிந்துரைத்தார். ஆப்பிரிக்கரும் அநீதியாகவே அடிமைப்படுத்தப்பட்டனர் எனப் பின்னர் உணர்ந்து, அக்குற்றத்தைத் தம் வரலாற்று நூலிலேயே எழுதி வைத்தார்.

1566இல் மத்ரித்தில் மறைந்தார். நாற்பதாண்டுகள் வெளியிடலாகாது என அவர் விதித்த அந்நூல் 1875இல்தான் அச்சேறத் தொடங்கியது. வாளுக்குத் துணைபோனதும் அதனைத் தடுக்க முயன்றதும் ஒரே சிலுவை. ஏந்திய கையும் ஒன்றே. இடையில் நேர்ந்தது மனமாற்றம்.