வில்லியம் எட்வர்ட்ஸ் டெமிங்

வில்லியம் எட்வர்ட்ஸ் டெமிங் (அக்டோபர் 14, 1900 - டிசம்பர் 20, 1993) ஓர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஆவார். ஜப்பானியத் தொழிற்றுறையின் தரக்கட்டுப்பாட்டுக்கு வழிகாட்டியவராகப் பரவலாக அறியப்படுகிறார். கணக்கெடுப்பில் விடுபட்டவற்றை வேறொரு தரவு மூலத்தின் துணையுடன் மதிப்பிடும் முறையொன்றை இந்திய மக்கள்தொகையியலாளர் சி. சந்திரசேகரனுடன் இணைந்து உருவாக்கினார்.

வாழ்க்கை

அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் பிறந்த டெமிங், 1921 இல் வயோமிங் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டமும், 1928 இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். வேளாண்மைத் துறையில் பணியாற்றிய பின்னர் 1939 இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகத்தில் சேர்ந்தார். 1940 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சில கேள்விகள் மக்களில் ஒரு பகுதியினரிடம் மட்டுமே கேட்கப்பட்டன. அவ்விடைகளை முழுக் கணக்கெடுப்பின் கூட்டுத்தொகைகளுடன் பொருந்துமாறு சரிசெய்யும் முறையை பிரெடரிக் ஸ்டீபனுடன் இணைந்து வெளியிட்டார். 1950 இல் ஜப்பானில் இவர் ஆற்றிய விரிவுரைகளின் நினைவாக 1951 முதல் அங்கு டெமிங் பரிசு வழங்கப்படுகிறது.

சந்திரசேகரன்-டெமிங் முறை

அக்கால இந்தியாவில் பல பிறப்புகளும் இறப்புகளும் பதிவாகவில்லை. பதிவேட்டை மட்டும் நம்பினால், குழந்தை இறப்பு மிகுந்த ஊரும் நலமான ஊராகத் தோன்றக்கூடும். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் 1945, 1946 ஆண்டுகளுக்கான பதிவாளரின் பட்டியல், வீடுவீடாகச் சென்று திரட்டிய பட்டியலுடன் ஒப்பிடப்பட்டது. இதன் அடிப்படையில் இருவரும் 1949 இல் தம் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர்.

எடுத்துக்காட்டாக, கொல்லிமலையின் பைல் நாடு போன்ற மலைப்பகுதி ஒன்றில் பதிவேட்டில் 80 பிறப்புகளும், வீட்டுக் கணக்கெடுப்பில் 90 பிறப்புகளும், இரண்டிலும் பொதுவாக 72 பிறப்புகளும் உள்ளன எனக் கொள்வோம். கணக்கெடுப்பில் கிடைத்த 90 இல் 72, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, பதிவேட்டிலும் உள்ளது. எனவே பதிவேட்டின் 80 என்பது மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்காகும்; மொத்தம் 100. இரு பட்டியல்களிலும் சேர்த்துக் காணப்படுபவை 98. இரண்டிலும் விடுபட்டவை 2.

இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதிருத்தல் இம்முறைக்கு இன்றியமையாதது. தொலைவிலுள்ள ஒரே குடியிருப்பைப் பதிவாளரும் கணக்கெடுப்பாளரும் தவறவிட்டால் மதிப்பீடு குறைந்துவிடும். இக்குறையைத் தணிக்க, மக்களை வயது, பால், இடம் போன்றவற்றால் ஒத்த சிறு பிரிவுகளாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும் என்று கட்டுரை வலியுறுத்தியது.

தாக்கம்

இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டமும் தொடர் பதிவு, அரையாண்டுக் கணக்கெடுப்பு என்னும் இரு பட்டியல்களை ஒப்பிடுகிறது. ஆயினும் பொருந்தாதவை சூத்திரத்திற்கு விடப்படுவதில்லை; அவை மீண்டும் களத்தில் சரிபார்க்கப்படுகின்றன.