தொண்டும் கல்வியும்: டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

வேலூர் என்றதும் சிலருக்குக் கோட்டை நினைவுக்கு வரும். நோயுற்றோருக்கோ சி.எம்.சி. மருத்துவமனையே நினைவுக்கு வரும். அதனை உருவாக்கிய பெருமை டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைச் சாரும்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே மருத்துவத் தொண்டு புரிந்தவர்கள். ஆயினும் ஐடாவுக்கு இளமையில் அப்பணியில் நாட்டம் இல்லை. நோயுற்ற தாயாரைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வேண்டினர். தந்தையார் மருத்துவர்தான், ஆனால் ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அவர்கள் வழக்கம் இடந்தரவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவு ஐடாவின் மனத்தை மாற்றியது.

அமெரிக்கா சென்று, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் தாயகம் போன்ற தமிழகத்திற்குத் திரும்பினார். 1902இல் வேலூரில் பெண்களுக்கென மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. தம் இரு கைகள் மட்டும் போதா என உணர்ந்த அம்மையார், 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 1922இல் முதல் அணியாகப் 14 பெண்கள் தேறினர்.

1930களின் பிற்பகுதியில் பெருஞ்சோதனை வந்தது. பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரிகளே இனி மருத்துவம் கற்பிக்கலாம் என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்களும், கூடுதல் படுக்கைகளும், ஆய்வுக்கூடங்களும் இல்லாவிடில் பள்ளியை மூட வேண்டியதுதான். இத்தனை ஆண்டுத் தொண்டே போதும் என்று அம்மையார் இருந்துவிடவில்லை. நோயாளிக்கு அன்பு மட்டும் போதாது, வளர்ந்துவரும் அறிவும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1941இல், எழுபது வயதில், போர்க்காலம் என்றும் பாராமல் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

செவிலியர் கல்வியும் உயர்ந்தது. 1946இல் வேலூரிலும் டில்லியிலும் இந்தியாவின் முதல் பி.எஸ்ஸி. செவிலியர் பட்டப்படிப்புகள் தொடங்கப்பட்டன. மருத்துவர் சொல்வதைச் செய்வது மட்டுமே செவிலியர் பணி என்று எண்ணியிருந்த காலத்தில், பல்கலைக்கழகமே அப்பணியைக் கல்வியாக ஏற்றது பெரிய மாற்றமாகும். அம்மையார் 1960ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

இன்று டிப்ளமா முடித்துப் பல்லாண்டு பணியாற்றிய செவிலியரும் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி.யில் இரண்டாண்டு படித்துப் பட்டம் பெறலாம், அதன்பின் எம்.எஸ்ஸி.யும் படிக்கலாம். தலை நரைத்தபின் என்ன படிப்பு என்று சிலர் நகைப்பர். இரவெல்லாம் வார்டில் கண்விழித்தவர் வகுப்பில் அமரும்போது, அவர் கண்ட நோயாளிகள் அனைவரும் அவருக்குப் பாடமாக உடன் வருகின்றனர். புத்தகம் மட்டும் படித்தவருக்கு அது கிட்டாது.

தோழியரே! நம் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் உழைக்கும் தாய்மார் பலர், நோய் வந்தால் செவிலியரின் கைகளையே நம்புகின்றனர். நம்முள் சிலரேனும் அப்பணியை ஏற்போம். ஏற்றபின், எந்த வயதிலும் கற்பதை நிறுத்தாதிருப்போமாக!