கொலஸ்டிராலுக்குப் பெயர் சூட்டியவர்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொலஸ்டிரால் என்று ஒரு வரி இருக்கும். பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குக் காரணமானவர் பிரெஞ்சு விஞ்ஞானி மிஷேல் ஷெவ்ரல்.

1786-ம் ஆண்டு ஆஞ்சே நகரில் பிறந்தார். தந்தை டாக்டர். மகனோ 17-வது வயதில் பாரிசுக்குப் போய் ரசாயனம் படித்தார்.

கொழுப்பு என்றால் என்ன? இதுதான் அவருடைய ஆராய்ச்சி. பலவகைக் கொழுப்புகளைக் காரம் சேர்த்துக் காய்ச்சினார். எல்லாம் சோப்பு ஆயின. பித்தப்பைக் கல்லில் இருந்து எடுத்த வெள்ளைப் பொருள் மட்டும் சோப்பு ஆகவில்லை! பார்த்தால் கொழுப்பு, குணம் வேறு. 1815-ம் ஆண்டு வாக்கில் அதற்குக் கொலஸ்டிரின் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் கெட்டிப் பித்தம் என்று பொருள். பிற்காலத்தில் அது கொலஸ்டிரால் ஆயிற்று.

அதிகம் புகையாத, நாற்றம் இல்லாத மெழுகுவர்த்திக்கு வழி காட்டியவரும் இவரே.

1889-ல் ஷெவ்ரல் காலமானார். வயது 102. கொழுப்போடு மல்லாடியவருக்கு ஆயுள் கெட்டிதான்! அதே ஆண்டு திறக்கப்பட்ட ஈபெல் கோபுரத்தில் அவருடைய பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

1913-ல் ரஷிய டாக்டர் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிராலைத் தின்னக் கொடுத்தார். அவற்றின் ரத்தக் குழாய்ச் சுவரில் அது படிந்தது. மனிதனுக்கும் ரத்தத்தில் இது மிகுந்தால், இதயத்துக்குப் போகும் குழாய் மெல்ல மெல்ல அடைபடும். கொலஸ்டிரால் ஏறுவது உடம்புக்குத் தெரியாது. வலி இராது, காய்ச்சல் இராது. ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். ஆகவே 20 வயது ஆனவர்கள், நோய் இல்லாவிட்டாலும், 4 முதல் 6 ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதித்துக்கொள்ளும்படி அமெரிக்க இதய டாக்டர்கள் சொல்கிறார்கள்.