கட்டுண்டிருந்த புனிதர்

மருத்துவமனைகளின் பாதுகாவலராகத் திருச்சபை கொண்டாடும் புனிதர், ஒரு காலத்தில் பைத்தியக்காரர் என்று கட்டிவைத்து அடிக்கப்பட்டவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இறைவனின் அருளப்பர் 1495-இல் போர்த்துக்கல் நாட்டில் பிறந்தார். எட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனவர், ஆடு மேய்த்தார், போர்வீரரானார், நாற்பது வயதுக்குமேல் ஸ்பெயின் நாட்டுக் கிரனாதா நகரில் புத்தகமும் சுரூபப் படங்களும் விற்றார். ஒரு செபஸ்தியார் திருநாளன்று கேட்ட மறையுரை அவர் நெஞ்சை உலுக்கிற்று. கடைப் பொருள்களை வாரி வழங்கிவிட்டு, தெருவில் புரண்டு அழுதார். சிறுவர்கள் கூவித் துரத்தினர். சிலர் இரங்கி, அவரை அரச மருத்துவமனையில் சேர்த்தனர்.

அங்கே பித்தர்களின் கை கால்களைக் கட்டிக் கயிற்றுச் சாட்டையால் அடிப்பார்கள். நோவு கண்டால் புத்தி திரும்பும் என்பதே அக்காலத்து வைத்தியம். (பேயோட்டுகிறோம் என்று வேப்பிலைக் கொத்தால் அடிப்பது நம் பக்கத்திலும் கேள்விப்படாததா?) தமக்கு விழுந்த அடியை அருளப்பர் பொறுத்தார், பிறர் அடிபடுவதைப் பொறுக்கவில்லை. காவலர்களைக் கடிந்துகொண்டார். அதற்கும் அடி கிடைத்தது. கட்டு அவிழ்ந்ததும் துடைப்பத்தை எடுத்தார். கூடம் பெருக்கினார், பாத்திரம் கழுவினார், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். இவர்களை அன்பாகப் பேண ஓர் இல்லம் வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

வெளியே வந்து விறகு சுமந்து விற்றார். ஒரு வீட்டில் ஏழை நோயாளிகளைச் சேர்த்தார். இரவில் முதுகில் கூடையும், கழுத்திலிருந்து கயிற்றில் தொங்கும் இரு பானைகளுமாகத் தெருத்தெருவாய்ப் பிச்சையெடுத்து அவர்களுக்கு உணவளித்தார்.

1549 சூலை 3-ஆம் நாள் அதே அரச மருத்துவமனையில் தீப்பற்றியது. தம்மைக் கட்டி அடித்த கட்டடத்துக்குள் அருளப்பர் ஓடினார். முதலில் நோயாளிகளை வெளியேற்றினார். பிறகு படுக்கைகளைச் சன்னல் வழியே வீசினார்.

2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் (நம் களக்காட்டுக்கு அடுத்த ஏர்வாடி அன்று, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி) ஒரு விடுதி தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்னும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல்தான் வந்தது.

ஹெனில் ஆற்றில் மூழ்கிய இளைஞனைக் காக்கப் பாய்ந்த அருளப்பர், நோயுற்று 1550 மார்ச் 8-ஆம் நாள் முழந்தாளிட்டபடியே உயிர்நீத்தார். 1690-இல் புனிதரானார். அவர் பெயரால் எழுந்த சபைச் சகோதரர்கள் 1960-களின் இறுதியில் நம் மலைத்தொடருக்கு அப்பால், கேரளத்துக் கட்டப்பனைக்கு வந்து நோயாளிகளைப் பேணத் தொடங்கினார்கள்.