சர் ஜான் சார்ன்லி: செயற்கை இடுப்பு மூட்டின் முன்னோடி

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளுமாறு மருத்துவர் உங்களுக்கு அறிவுறுத்தியிருக்கலாம். உடலுக்குள் பொருத்தப்படும் மூட்டு எத்தனை காலம் தாங்கும் என்ற ஐயம் உங்களுக்கு எழுவது இயல்பே. அந்த ஐயத்திற்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஆங்கிலேய எலும்பு அறுவை மருத்துவர் சர் ஜான் சார்ன்லி.

1911ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பரி நகரில் பிறந்த அவர், மான்செஸ்டரில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். பிற்காலத்தில், அக்ரிலிக் உருண்டை பொருத்தப்பட்ட நோயாளி ஒருவரின் இடுப்பு அசையும்போது கீச்சொலி எழுவதை அறிந்து, மூட்டின் உராய்வு குறித்து ஆராயத் தொடங்கினார்.

தொடை எலும்பில் பொருத்தும் பகுதியைத் துருப்பிடிக்காத எஃகினாலும், அது சுழலும் கிண்ணத்தை டெஃப்லானாலும் அமைத்தார். இரும்புடன் குரோமியமும் நிக்கலும் கலந்த அந்த எஃகின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம், உடல் திரவங்களின் அரிப்பைப் பெருமளவு தடுக்கிறது. உராய்வைக் குறைக்கும் பொருட்டு, எஃகு உருண்டையின் விட்டத்தை 22.225 மில்லிமீட்டராகச் சுருக்கினார்.

எஃகு தாங்கியது, டெஃப்லான் தாங்கவில்லை. ஏறத்தாழ 300 நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்ட கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுக்களில் அழற்சியை உண்டாக்கின. சார்ன்லி தம் தோல்வியை மறைக்கவில்லை. பாதிக்கப்பட்டோருக்கு மறு அறுவை சிகிச்சை செய்தார்.

1962ஆம் ஆண்டு, அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் அவரது ஆய்வகத்தை எட்டியது. தேய்மானச் சோதனை இயந்திரத்தில் மூன்று வாரம் ஓடிய பின்னரும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவிற்கு அது தேயவில்லை. ஆயினும் அவர் விரைந்து பயன்படுத்தவில்லை. தம் தொடையிலேயே அப்பொருளைச் செலுத்தி, திசுக்களில் அழற்சி தோன்றுகிறதா எனப் பார்த்த பின்னரே, அவ்வாண்டின் இறுதியில் நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார்.

1977இல் சர் பட்டம் பெற்ற அவர், 1982இல் காலமானார். உலோக உருண்டையும் பாலிஎத்திலீன் கிண்ணமும் இணைந்த அமைப்பு இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

செயற்கை மூட்டில் ஏற்படும் தேய்மானம் தொடக்கத்தில் வலியின்றியும் இருக்கக்கூடும். எனவே, வலி இல்லை என்பதற்காக மறு பரிசோதனைகளைத் தவிர்க்காதீர்கள். உங்களுக்குப் பொருத்தப்பட்ட மூட்டின் விவரம் அடங்கிய மருத்துவமனைக் குறிப்பையும் பத்திரமாக வைத்திருங்கள்.