திப்பு சுல்தானும் அவன் துப்பாக்கிகளும்

மன்னர்களின் வாழ்வைக் கோட்டைகளைக் கொண்டு அளப்பவர் உண்டு. வென்ற போர்களைக் கொண்டு அளப்பவரும் உண்டு. ஒரு மன்னனை அவன் செய்வித்த துப்பாக்கிகளைக் கொண்டு அளந்து பார்த்தால் என்ன என்று நான் எண்ணியதன் விளைவே இக்கட்டுரை. அம்மன்னன் மைசூர்ப் புலி என்று பெயர் பெற்ற திப்பு சுல்தான். அவன் மறைந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அவனுடைய துப்பாக்கிகளோ இன்னும் ஊர் ஊராக, ஏலம் ஏலமாக அலைந்துகொண்டிருக்கின்றன.

நான் மர்பி டவுன்காரன். அல்சூருக்கு அடுத்துள்ள இவ்விடத்திற்கு முன்னாளில் நாக்ஸ்பேட்டை என்று பெயர். மர்பி என்ற பொறியாளரின் பெயர் பின்னர் வந்தது. எங்கள் தெருக்களில் தமிழ் ஒலிப்பதைக் கேட்டு வியக்கும் புதிய நண்பர்கள் பலர். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. திப்பு வீழ்ந்த பின் சீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலப் படை, அங்கே காய்ச்சல் மிகுந்ததால், 1809ஆம் ஆண்டில் பெங்களூருக்கு இடம் பெயர்ந்தது. சென்னைப் படையுடன் சிப்பாய்களும், சமையற்காரர்களும், கொத்தர்களும், வணிகர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறினர். ஆகவே திப்புவின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று. அவன் வீழ்ச்சியின் பின்விளைவாக இங்கே வேரூன்றியவர்கள் நாம்.

இளமை

1750ஆம் ஆண்டில், இன்று வானூர்தி நிலையம் அமைந்திருக்கும் பகுதிக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் திப்பு பிறந்தான். தந்தை ஐதர் அலி, தாய் பாத்திமா. ஆர்க்காட்டில் அடங்கிய திப்பு மஸ்தான் ஔலியா என்னும் பெரியவரின் நினைவாகக் குழந்தைக்குப் பெயர் சூட்டினர். மைசூர்ப் புலியின் பெயரே தமிழ் மண்ணிலிருந்து போனது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

ஐதர் எழுத்தறியாதவர், ஆயினும் காலத்தை அறிந்தவர். 1755இல் திண்டுக்கல்லில் படைத்தலைவராக இருந்தபோதே பிரெஞ்சுக்காரரின் துணை கொண்டு அங்கே ஆயுதச் சாலை ஒன்றை நிறுவினார். வாளும் வேலும் மட்டும் ஏந்திய படை இனி வெல்லாது என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார். பின்னர்ச் சிவகங்கையை இழந்து வந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலமும் படையும் தந்தவரும் இந்த ஐதர்தாம்.

திப்பு கல்வியும் படைக்கலப் பயிற்சியும் ஒருங்கே பெற்றான். முதல் மைசூர்ப் போரில், 1767இல், பதினேழு வயதுக்குள் குதிரைப்படையுடன் சென்னையின் புறநகர் வரை சென்று கம்பெனியாரை நடுங்க வைத்தான். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முற்றாக முறியடிக்கப்பட்டது. மைசூர் ஏவுகணைகள் அங்கே பெரும்பங்கு கொண்டன. அதே போரினால் நம் தமிழ்நாட்டு ஊர்கள் பல எரிந்தன என்பதையும் மறைத்தல் ஆகாது.

1782 டிசம்பரில் ஐதர் சித்தூர்ப் பக்கத்துப் பாசறையில் இறந்தபோது திப்பு மலையாளக் கரையில் இருந்தான். விரைந்து வந்து ஆட்சியை ஏற்றான். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு அப்போர் முடிந்தது.

ஆலை கண்ட அரசன்

அக்காலத்து இந்திய மன்னர்கள் ஆயுதத்தை விலைக்கு வாங்கினார்கள். திப்பு அதைத் தன் நாட்டிலேயே செய்யத் துணிந்தான். சீரங்கப்பட்டணத்திலும், பெங்களூரிலும், சித்திரதுர்க்கத்திலும், நகர் என்னும் பெத்னூரிலும் ஆலைகளை அமைத்தான். பிரான்சு நாட்டுக்குத் தூதர்களை அனுப்பினான்; 1788இல் அவர்கள் வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னனைக் கண்டனர். படைகளை மட்டுமன்றிக் கைவினைஞர்களையும் திப்பு கேட்டான் என்பதே இங்குக் கருதத்தக்கது. படை போரில் அழிந்துவிடும். தொழில் நாட்டில் நிலைத்து நிற்கும் அல்லவா?

அவன் துப்பாக்கிகளை அடையாளம் காண்பது எளிது. குழலிலும் கட்டையிலும் புலியின் வரிகள் ஓடும். குதிரை என்று நாம் சொல்லும் விசைப்பகுதி புலித்தலையாக இருக்கும். பொன்னாலும் வெள்ளியாலும் எழுத்துகள் பதிக்கப்பட்டிருக்கும். ஐதரின் பெயரைப் புலிமுகம்போல் வளைத்து எழுதிய முத்திரையும் காணப்படும். தனக்கென ஓர் ஆண்டுக் கணக்கை வகுத்து, அதன் எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தான். செய்த ஊர், ஆண்டு, செய்தவன் பெயர் ஆகியவை உலோகத்தில் பொறிக்கப்பட்டன. அசத் கான் முகம்மது என்னும் கைவினைஞனின் பெயர் அவ்வாறுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. எத்தனையோ கோயில்களைக் கட்டிய சிற்பியின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு துப்பாக்கிக் கொல்லனின் பெயர் தெரிகிறது!

இரண்டு முறை சுடும் துப்பாக்கியைப் பற்றி இங்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய துப்பாக்கியை வாய்வழியே கெட்டிக்க வேண்டும். மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து, பற்றுமருந்து வைத்துச் சுடுவதற்குள் வேங்கை பாய்ந்துவிடும்; பகைவனும் பாய்ந்துவிடுவான். இக்குறையைப் போக்க ஐரோப்பியர் இரண்டு குழல்களை அடுத்தடுத்து ஒட்ட வைத்தனர். அதுவே இரட்டைக் குழல் துப்பாக்கி. இரண்டு குழல் என்றால் எடை கூடும். மற்றொரு வழி, ஒரே குழலில் ஒரு வெடிக்கு மேல் மற்றொரு வெடியை அடைத்து, முன்னதை முதலிலும் பின்னதை அடுத்தும் வெடிக்கச் செய்வது. இதில் எடை குறையும், ஆபத்து கூடும். பின்னுள்ள மருந்து முந்திப் பற்றிக்கொண்டால் குழலே பிளந்துவிடும். ஆகவே குண்டு குழலை இறுக அடைக்க வேண்டும். தீ செல்லும் துளைகள் தனித்தனியே அமைய வேண்டும். தலைமுடி அளவு பிழையும் இதில் பொறுக்காது. இத்தகைய வேட்டைத் துப்பாக்கிகளைத் திப்புவின் கொல்லர்கள் செய்து காட்டினர். நம் நாட்டுக் கைத்திறன் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தாழ்வும் இறுதியும்

மூன்றாம் போர் திப்புவைத் தாழ்த்தியது. 1791 மார்ச்சில் கார்ன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தான். 1792இல் நடந்த உடன்படிக்கையால் திப்பு நாட்டில் பாதியை இழந்தான். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம் செலுத்த ஒப்பினான். சிறுவர்களான இரண்டு மைந்தரைப் பிணையாகச் சென்னைக்கு அனுப்பினான். சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதிகள் கம்பெனியின் கைக்குப் போயின.

மற்றொருவனாயின் சோர்ந்திருப்பான். திப்பு பணத்தைக் கட்டி 1794இல் பிள்ளைகளை மீட்டான். ஆலைகளின் உலை அவியவே இல்லை. அசத் கான் முகம்மதுவின் பெயர் பொறித்த அழகிய வேட்டைத் துப்பாக்கி ஒன்று 1793-94ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாதி நாட்டை இழந்த மன்னனின் ஆலையில், அவன் பிள்ளைகள் பகைவரிடம் இருந்த காலத்தில், அத்துணை நுட்பமான வேலை நடந்திருக்கிறது.

திப்புவை நான் குறையற்றவன் என்று கூறவில்லை. குடகிலும், மலபாரிலும், மங்களூர்க் கிறித்தவரிடத்திலும் அவன் கடுமை காட்டினான். ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டனர். அம்மக்களின் வழித்தோன்றல்கள் அதை இன்றும் மறக்கவில்லை. மறுபுறம், நம் கொங்கு நாட்டுத் தீரன் சின்னமலை அவன் பக்கம் நின்று போரிட்டதும் உண்மை. ஒரு மனிதனை ஒரே சொல்லில் அடக்குவது வரலாறு ஆகாது.

1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள். சீரங்கப்பட்டணத்து மதிலில் பீரங்கிகள் பிளவு உண்டாக்கிவிட்டன. நண்பகல் கடந்ததும் ஆங்கிலப் படை காவிரியைக் கடந்து பாய்ந்தது. உணவருந்திக்கொண்டிருந்த திப்பு எழுந்து மதிலை நோக்கி நடந்தான். ஏவலாளர் துப்பாக்கிகளைக் கெட்டித்துக் கெட்டித்துக் கொடுக்க, ஒரு சாதாரண வீரனைப்போல் நின்று தன் கையாலேயே பலமுறை சுட்டான். காயமுற்ற பின்னும் தப்பி ஓடவில்லை. வாயிற்புறத்தில் விழுந்து கிடந்தவனின் பொற்கச்சையைப் பறிக்க ஒரு சோல்ஜர் முயன்றான். வாளால் அவனை வெட்டிய திப்புவின் நெற்றியில் குண்டு பாய்ந்தது. இரவில் விளக்கொளியில் பிணக்குவியலில் தேடித்தான் மன்னனின் உடலைக் கண்டனர். மறுநாள் தந்தையின் பக்கத்தில் அடக்கம் நடந்தது.

அப்படையில் சென்னைப் பயனியர் வீரர்களும் இருந்தனர். ஐதரோடு போர் மூண்ட 1780இல் தோன்றிய அப்படைப் பிரிவே இன்று அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் சென்னைச் சாப்பர்களின் மூலம். திப்புவின் துப்பாக்கி எவரை நோக்கிச் சுட்டதோ அவர்களில் நம்மவரும் உண்டு.

கொள்ளையும் ஏலமும்

அன்றிரவு நகரம் சூறையாடப்பட்டது. பிறகு கொள்ளைப் பொருளைப் பங்கிட ஒரு குழு அமைந்தது. புலி அரியணை உடைக்கப்பட்டுத் துண்டு துண்டாயிற்று. நகைகளும் ஆயுதங்களும் அங்கேயே ஏலம் விடப்பட்டன. தலைமைத் தளபதி ஹாரிசுக்குப் பங்காகக் கிடைத்தது ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல். சிப்பாயின் கைக்கு வந்ததோ சில பவுண்டு மட்டுமே. திப்புவின் மைந்தர் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806இல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது அக்கோட்டையில் பறந்தது புலிக்கொடியே.

அன்று தொடங்கிய ஏலம் இன்னும் ஓயவில்லை. ராபின் விகிங்டன் என்னும் ஆங்கிலேயர் திப்புவின் துப்பாக்கிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1992இல் அவற்றைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 2005இல் அவர் தொகுப்பு லண்டன் சோத்பீஸ் நிறுவனத்தில் ஏலம் போயிற்று. 2015 ஏப்ரலில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் திப்புவின் பொருள்கள் அறுபது லட்சம் பவுண்டு அளவுக்கு விற்றன. இரண்டு முறை சுடும் வேட்டைத் துப்பாக்கி ஒன்று மட்டும் ஏழு லட்சம் பவுண்டைத் தாண்டியது. 2019இல் ஓர் ஆங்கிலக் குடும்பத்துப் பரணில் கிடந்த வெள்ளிப்பூண் துப்பாக்கி 60,000 பவுண்டு பெற்றது. கம்பெனி மேஜர் ஒருவர் கொண்டுபோன பொருள் அது. 2023 மே மாதத்தில் அவனுடைய வாள் ஒன்று ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று.

பழந்துப்பாக்கி வாங்குவோர் எதைப் பார்க்கிறார்கள்? முதலில், குழலும் கட்டையும் விசைப்பூட்டும் ஒரே காலத்தவையா என்று பார்க்கிறார்கள். இரட்டைக் குழலாயின் இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தவையா, உட்சுவர் தேய்ந்துவிட்டதா என்று ஆராய்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிக்கிமுக்கிக் கல்லை நீக்கிக் கேப்பு வெடிக்கு மாற்றியிருந்தால் விலை குறையும். மெருகேற்றுகிறேன் என்று எழுத்தைத் தேய்த்திருந்தாலும் குறையும். எல்லாவற்றிற்கும் மேலாக, அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று காட்டும் ஏடு வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொள்ளையில் எடுத்தது என்ற சான்றே அங்கு விலையை உயர்த்துகிறது!

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். மேலே நான் கூறிய அசத் கான் முகம்மதுவின் துப்பாக்கி பின்னாளில் கார்ன்வாலிஸ் பிரபுவிடம் போய்ச் சேர்ந்தது. இருபது லட்சம் பவுண்டு மதிப்பிடப்பட்ட அதனை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாதபடி 2023இல் பிரிட்டிஷ் அரசு தற்காலிகத் தடை விதித்தது. தங்கள் நாட்டுச் செல்வம் கைநழுவிவிடுமே என்ற கவலை அவர்களுக்கு! நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. ஆனால் 1799இல் போன பொருளை அச்சட்டம் என்ன செய்யும்?

நாம் செய்யத்தக்கது

பணம் படைத்தோர் ஏலத்தில் வாங்கி வரட்டும் என்பர் சிலர். பெங்களூர்ச் செல்வர் ஒருவர் 2003இல் திப்புவின் வாளொன்றை லண்டனில் வாங்கவும் செய்தார். அதனால் அது மக்களின் கண்ணுக்கு வந்துவிடவில்லை. செல்வர் வீட்டுச் சுவர் லண்டனில் இருந்தால் என்ன, பெங்களூரில் இருந்தால் என்ன? பொதுக் காட்சிச்சாலைக்கு வந்தாலன்றி அது திரும்பி வந்ததாகாது என்பது என் கருத்து.

2018இல் சிவமொக்கா மாவட்டத்து நகர் ஊரில் வறண்ட கிணறு ஒன்றிலிருந்து ஆயிரம் அளவில் ஏவுகணைக் குழாய்கள் தோண்டி எடுக்கப்பட்டன. துருவேறிய அவ்விரும்புக்கு ஏலத்தில் பெருவிலை கிடைக்காது. ஆயினும் அது சிவமொக்காவிலேயே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சென்று பார்க்கலாம். பொன் பதித்த துப்பாக்கியைவிட எனக்கு அந்தத் துருவே பெரிதாகப் படுகிறது.

தோழர்களே! தேவனஹள்ளி தொலைவில் இல்லை. சீரங்கப்பட்டணமும் ஒரு பகற்பயணந்தான். விடுமுறையில் சென்று பாருங்கள். போரில் வென்றவன் யார், தோற்றவன் யார் என்று கேட்பதோடு நில்லாமல், உலையருகே நின்று உழைத்தவன் யார் என்றும் கேளுங்கள். திப்பு பிடித்த புலிக்கொடி சாய்ந்துவிட்டது. அவன் போற்றிய தொழிலறிவு சாய வேண்டியதில்லை. பொறியியலும் அறிவியலும் பயிலும் நம்மில் ஒருவர் செய்யும் பொருளில், செய்தவர் பெயரைப் பொறிக்கும் பெருமை மீண்டும் வரட்டும். அப்பொருள் உயிரைப் பறிப்பதாக இல்லாமல் உயிரைக் காப்பதாக இருக்குமாயின், அசத் கான் முகம்மதுவைவிட நாம் ஒருபடி மேலே நின்றவராவோம்.