கடனுக்கு முன் கணக்குக் கொப்பி: அக்தர் ஹமீத் கானின் வாழ்க்கையும் மன்னார்க் கடைக்காரர்களும்

நுண்கடன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர் பங்களாதேஷின் முஹம்மது யூனுஸ். அவர் 1976இல் ஜோப்ரா கிராமத்தில் தனது முயற்சியைத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அதே மண்ணில் குமில்லா என்ற ஊரில், ஏழை விவசாயிகளையும் ரிக்சாக்காரர்களையும் தேநீர்க் கடைக்காரரையும் கூட்டிவைத்துச் சேமிக்கவும் கணக்கு எழுதவும் பழக்கிய இன்னொருவர் இருந்தார். அவர் பெயர் அக்தர் ஹமீத் கான். நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் வளர்ந்தோர் கல்வி பற்றிய பாடத்தில் அந்தப் பெயர் ஒரு வரியில் வந்து போனது. பிறகு தேடிப் படித்தபோதுதான், மன்னாரில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது என்று தோன்றியது.

மன்னாரில் ஏன் என்றால், எங்கள் கரையில் வியாபாரம் எப்போதும் முற்பணத்தில்தான் ஓடுகிறது. வலைக்கும் இயந்திரத்துக்கும் சம்மாட்டியிடமோ மீன் வாங்குபவரிடமோ பணம் எடுத்தவர், பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கிறார். பலசரக்குக் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் பற்றுக்கு எடுத்து, ஊருக்குப் பற்றுக்குக் கொடுக்கிறார். தையல் செய்யும் சகோதரி வாரத் தவணைக் கம்பனியிடம் லோன் எடுத்து மெஷின் வாங்குகிறார். 1990 ஒக்டோபரில் நாம் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து கற்பிட்டிக்குப் படகேறியவர்கள் கடையை மட்டும் விட்டுப் போகவில்லை. ஊரிடம் வர வேண்டிய பற்றையும் விட்டுப் போனார்கள். மீளக் குடியேறியவர்கள் வியாபாரத்தைச் சுழியிலிருந்து தொடங்கினார்கள். 2009க்குப் பிறகு கடன் தருவதற்கு ஆட்கள் வரிசையில் வந்தார்கள். கணக்குச் சொல்லித்தர வந்தவர்கள் மிகக் குறைவு.

அக்தர் ஹமீத் கான் 1914 ஜூலை 15ஆம் திகதி ஆக்ராவில் பிறந்தார். 1936இல் இந்திய சிவில் சேவையில் சேர்ந்தார். அன்றைய இந்தியாவில் அதைவிடப் பெரிய உத்தியோகம் இல்லை. கேம்பிரிட்ஜில் பயிற்சி, பிறகு வங்காளத்தில் பணி. 1943இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தப் பஞ்சத்தை அரசு கையாண்ட விதத்தைப் பார்த்த அவரால் அந்த நாற்காலியில் தொடர்ந்து இருக்க முடியவில்லை. ராஜினாமாச் செய்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் விசித்திரம். அலிகாருக்கு அருகே ஒரு கிராமத்தில் குடியேறி, கூலி வேலையும் பூட்டுச் செய்யும் வேலையும் செய்து இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அலிகார் பூட்டுக்குப் பேர்போன இடம். கலெக்டராக வேண்டிய மனிதர் அரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இதைச் சிலர் சூபித்தனம் என்பார்கள், சிலர் பிழைக்கத் தெரியாத வேலை என்பார்கள். எனக்கு அது ஒரு படிப்பாகவே படுகிறது. சிறுதொழிலாளியின் கையில் காசு எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் அவருக்குக் காட்டியிருக்கும். பிற்காலத்தில் அவர் வகுத்த விதிகளில் ஒரு பட்டறைக்காரரின் எச்சரிக்கை தெரிகிறது.

பிறகு டில்லி ஜாமிஆ மில்லியாவில் ஆசிரியராக இருந்தார். 1950இல் பாகிஸ்தானுக்குப் போனார். கிழக்குப் பாகிஸ்தானில் குமில்லா விக்டோரியா கல்லூரியின் அதிபர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 1959இல் அதே ஊரில் கிராம அபிவிருத்திக்கான கழகம் ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் பணிப்பாளரானார். கழகத்தின் வேலை அரச உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. அவர் அதைத் திருப்பிப் போட்டார். உத்தியோகத்தர் கிராமத்துக்குப் போய் உபதேசம் செய்வதற்குப் பதிலாக, கிராமத்தவர்கள் தங்களில் ஒருவரைத் தெரிவுசெய்து கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆள் வாரத்துக்கு ஒரு நாள் வந்து படிப்பார், திரும்பிப் போய்த் தன் ஆட்களுக்குச் சொல்வார், அடுத்த வாரம் அவர்களுடைய கேள்விகளோடு மறுபடி வருவார்.

இதன் உள்விவரங்களை ஒரு ஆசிரியராக நான் மிகவும் ரசித்தேன். ஒவ்வொரு கிராமச் சங்கமும் வாரந்தோறும் கூட வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரும், தொகை எவ்வளவு சிறியதானாலும், ஏதாவது சேமிக்க வேண்டும். கணக்கு எல்லோர் முன்னாலும் இருக்கும். கடன் கேட்பவர் அந்தப் பணத்தில் என்ன செய்யப்போகிறார், வருமானம் எப்போது வரும், எப்போது திருப்பிக் கட்டுவார் என்பதைத் திட்டமாகச் சொல்ல வேண்டும். கிராமச் சங்கங்களுக்கு மேலே மத்திய சங்கம் ஒன்று இருந்தது. கணக்கைச் சரிபார்ப்பது, பயிற்சி கொடுப்பது, கடன் கொடுப்பது மூன்றும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடந்தன. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். ஆனால் விதைக்கும் தண்ணீருக்கும் முதல் போட்டு, அறுவடையில் விற்று, மிச்சத்தில் குடும்பம் நடத்தும் விவசாயியும் ஒரு சிறு வியாபாரிதானே.

இந்த முறை எல்லாம் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கடனில் மூழ்கிய கிராமத்தவர்களுக்காகத் தொடங்கிய சங்கங்கள்தான் மூலம். அந்த விதை நம் நாட்டுக்கும் வந்தது. இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. நமது சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் அந்த வழியில் வந்தவை. அதாவது இது எங்கிருந்தோ இறக்குமதி செய்ய வேண்டிய சரக்கு அல்ல, நம்மிடம் இருந்து தூசி படிந்தது.

குமில்லாவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு தேநீர்க் கடையில் நடக்கிறது. ஊருக்கு வெளியே முஹம்மது யாசீன் என்பவர் சின்னத் தேநீர்க் கடை வைத்திருந்தார். அங்கே வந்து போகும் ரிக்சாக்காரர்கள் யாருக்கும் சொந்த ரிக்சா இல்லை. அன்றாடம் உழைத்ததில் ஒரு பங்கு வண்டிக்காரருக்கு வாடகையாகப் போய்விடும். கானின் தூண்டுதலால் 1960இல் ஒன்பது பேர் ஆளுக்கு ஓர் அணா போட்டார்கள். மொத்தம் ஒன்பது அணா. அந்தச் சங்கத்துக்கு தீதார் என்று பெயர். சேமிப்பு வளர்ந்தது, சங்கம் சொந்தமாக ரிக்சாக்களை வாங்கியது, பிற்காலத்தில் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடத்தையும் நடத்தியது. தேநீர்க் கடைக்காரரான யாசீனுக்கு 1988இல் ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. கானுக்கு அதே விருது 1963இல் கிடைத்திருந்தது. ஆசானுக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் ஒரே விருது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குமில்லாக் கழகம் பள்ளிவாசல் இமாம்களை அழைத்து, கிராமத்தில் எழுத்தறிவு வகுப்பு நடத்தும் ஆசிரியர்களாகப் பழக்கியது. பெண்களுக்கும் தனியாகப் பயிற்சி நடந்தது. 1960களின் கிழக்கு வங்காளத்தில் அது சாதாரண விடயம் அல்ல.

ஆனால் இந்தக் கதை வெற்றிக் கதையாக முடியவில்லை. 1971இல் போர் வந்தது. கான் மேற்குப் பாகிஸ்தானுக்குப் போனார். குமில்லா முறையை அரசு பங்களாதேஷ் முழுவதற்கும் விரிவாக்கியது. விரிவாக்கியபோது சங்கங்கள் வேகமாகப் பெருகின, கடனும் வேகமாகப் போனது. வாரக் கூட்டமும் கட்டாயச் சேமிப்பும் கணக்குச் சோதனையும் பின்னால் நின்றுவிட்டன. பல இடங்களில் வசதியுள்ளவர்கள் சங்கத்தைக் கைப்பற்றினார்கள், எடுத்த கடனைக் கட்டவில்லை. எளிதான பாதியை எடுத்துக்கொண்டு கஷ்டமான பாதியை விட்டுவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. பணம் கொடுப்பதை ஒரே நாளில் செய்து முடிக்கலாம். ஒரு மனிதனைக் கணக்கு எழுதப் பழக்குவதற்கு வாரா வாரம் ஆள் வேண்டும், பொறுமை வேண்டும்.

நம் பகுதியில் நடந்ததும் இதற்குத் தூரமில்லை. ஒரே வீட்டில் மூன்று நான்கு கம்பனிகளின் தவணை அட்டைகள் தொங்கியதை நாம் பார்த்திருக்கிறோம். 2018இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. கடனைத் தள்ளுபடி செய்தால் அந்தத் தவணை நிற்கும். அடுத்த கடனை எதற்கு எடுக்கிறோம் என்ற கணக்கு அதனால் வந்துவிடாது.

கான் பிறகு பெஷாவர், அமெரிக்காவின் மிச்சிகன் என்று பல இடங்களில் இருந்தார். 1980இல் கராச்சியின் ஓரத்தில் உள்ள ஒரங்கிக்கு வந்தபோது அவருக்கு வயது 65க்கு மேல். ஒரங்கி அனுமதியில்லாமல் வளர்ந்த பெரும் குடியிருப்பு. 1947இல் பீகாரை விட்டுக் கிழக்குப் பாகிஸ்தானுக்கு ஓடி, 1971இல் அங்கிருந்தும் ஓடிவந்த குடும்பங்கள் அங்கே நிறைய. இரண்டு முறை இடம்பெயர்ந்தவர்கள். இதை வாசிக்கும்போது புத்தளத்து முகாம்களையும், அங்கிருந்து திரும்பிவந்து முசலியில் காடு வெட்டியவர்களையும் நினைக்காமல் இருக்க முடியுமா?

ஒரங்கியில் அவர் முதலில் கடன் கொடுக்கவில்லை. சந்து சந்தாக நடந்து பேசினார். மக்கள் கேட்டது கழிவுநீர்க் கால்வாய். அரசுக்காகக் காத்திருக்காமல் ஒவ்வொரு சந்தும் தனக்குள் காசு சேர்த்து, ஒரு பொறுப்பாளரைத் தெரிவுசெய்து, குழாய் பதித்தது. தொழில்நுட்ப ஆலோசனையை அவருடைய நிறுவனம் கொடுத்தது, செலவை மக்கள் ஏற்றார்கள். அரசாங்கம் செய்வதன் ஒரு சிறு பங்குச் செலவில் வேலை முடிந்தது. அடுத்து, இடைத்தரகர்களுக்குத் தைத்துக் கொடுத்து அற்பக் கூலி வாங்கிய பெண்களுக்கான வேலை நிலையங்கள். 1987இல்தான் சிறுதொழிலுக்கான கடன் வந்தது. அதற்குள் யார் வேலைக்காரர், யார் வாய்ப்பேச்சுக்காரர் என்பது சந்துகளில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் நான் அவரிடமிருந்து விலகுகிறேன். குமில்லாவிலும் ஒரங்கியிலும் கடன் வட்டியோடுதான் கொடுக்கப்பட்டது. அதை நியாயப்படுத்த நான் இதை எழுதவில்லை. நம் ஊர்களில் பைத்துல் மாலும் ஸகாத் நிதியமும் இருக்கின்றன, வட்டியில்லாக் கடனுக்கு வழி இருக்கிறது. ஆனால் வட்டியில்லாக் கடன் வாங்கியவரும் கணக்கு இல்லாவிட்டால் முதலைத் தின்றுதான் தீர்ப்பார். குர்ஆனின் மிக நீளமான வசனம், அல் பகரா 282, கடனை எழுதிவைப்பது பற்றியது. அதை ஓதும் சமூகத்தில்தான் கொடுத்ததும் வாங்கியதும் மனக்கணக்காகக் கிடக்கின்றன.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு கடையில் நாளுக்கு 20,000 ரூபாவுக்கு வியாபாரம் நடக்கிறது. நூற்றுக்குப் பத்து லாபம் என்றால் 2,000 ரூபா. கல்லாவில் 20,000 இருப்பதால் கையில் காசு புரள்வது போலத் தெரியும். வீட்டுச் செலவு, பிள்ளையின் டியூஷன், கல்யாண வீட்டு மொய் என்று நாளுக்கு 3,000 எடுத்தால், மாதம் 30,000 ரூபா முதலிலிருந்து குறைகிறது. ஆறு மாதத்தில் 1,80,000. அப்போது தட்டு காலியாகும், கடைக்காரர் கண்ணூறு என்பார், லோன் எடுப்பார். இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. கைக்காசு விற்பனை, பற்று விற்பனை, வாங்கிய சரக்கு, வீட்டுக்கு எடுத்தது என நான்கு நிரல்கள் போட்ட ஒரு சி.ஆர். கொப்பி போதும்.

கடைசிக் காலத்தில் கானுக்கு நிம்மதி இருக்கவில்லை. அவர் மீது மதநிந்தனை வழக்குகள் போடப்பட்டன. எழுபது வயது தாண்டிய மனிதர் நீதிமன்றத்துக்கு அலைந்தார், ஒரங்கி வேலையையும் விடவில்லை. 1999 ஒக்டோபர் 9ஆம் திகதி, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், 85ஆவது வயதில் மாரடைப்பால் காலமானார். ஜனாஸா கராச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரங்கியில் அவர் வேலைசெய்த அலுவலக வளவிலேயே அடக்கப்பட்டது.

எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், விடத்தல்தீவு, சிலாவத்துறை என்று நம் ஊர்கள் ஒவ்வொன்றிலும் க.பொ.த. உயர்தரத்தில் கணக்கீடு படித்துவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், பள்ளிவாசல் மண்டபத்தில் அவர்களையும் பத்துக் கடைக்காரர்களையும் உட்காரவைக்கலாம். வீட்டில் இருந்து தொழில் செய்யும் சகோதரிகளுக்கு மத்ரஸாக் கட்டடத்தில் இன்னொரு நாள், ஆசிரியைகளைக் கொண்டு. பைத்துல் மாலில் தொழிலுக்கு உதவி கேட்பவர் இந்த வகுப்புக்கு மூன்று மாதம் வந்து தன் கொப்பியைக் காட்டட்டும் என்று நிர்வாகம் ஒரு விதி வைக்கலாம். கொப்பிகளைத் திருத்த ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். றமழானில் ஸகாத் பட்டியல் தயாரிக்கத் தொடங்குவதற்கு முன்பே இதைப் பேசிக்கொள்வது நல்லது.